ஒத்துழைக்காத கோழிகள்

கமலநாதன் சொன்ன பொய்யில் இரண்டே எழுத்துகள் இருந்தன. ஆமா.

அதைச் சொன்ன நேரத்தில் அவர் தோளில் பொன்னாடை இருந்தது. முதலில் பொன்னாடை, பிறகு கேள்வி. மன்றத்தின் எல்லா விழாக்களிலும் அதுதான் வரிசை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் 'இல்லை' என்று சொல்லி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

யோங் பெங் டோல் சாவடியைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் திரும்பும் தார்ச்சாலையின் கடைசியில் இருந்தது கமலநாதனின் முட்டைக்கோழிப் பண்ணை. நிலம் அவருடையதல்ல. தென்முனைக் கோழி வளர்ப்போர் மேம்பாட்டு மன்றம் குத்தகைக்கு விட்டது. ஜொகூர் மாநிலத்தில் இப்படி மன்றத்து நிலத்தில் கொட்டகை போட்டவர்கள் பலர். அதனால் மன்றம் தும்மினால் உறுப்பினர்கள் எழுந்து நின்று வாழ்த்துவார்கள்.

மன்றத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற ஹேமநாதன், கோழியைக் குழம்பில் தவிர வேறெங்கும் நெருங்கிப் பார்த்தவர் அல்லர். சென்ற ஆண்டு அவர் நெஞ்சில் சின்னதாக ஒரு குழாய் வைத்தார்கள். தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கச் சொன்னார் மருத்துவர். குடித்தார். கொழுப்பு குறைந்தது. தலைவர் குடிப்பதால் செயலாளர் குடித்தார். செயலாளர் குடிப்பதால் செயற்குழுவே குடித்தது. ஒரு காலைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் ஓட்ஸ் கிண்ணம் ஆவி பறக்க, டத்தோ கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"நம்ம கொழுப்பை இது குறைக்குது. முட்டையில கொழுப்பு இருக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. அப்ப கோழிக்கே ஓட்ஸைக் குடுத்துட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோர் வாயிலும் ஓட்ஸ் இருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முன்னோடிப் பண்ணையாகக் கமலநாதனின் பண்ணை தேர்ந்தெடுக்கப்பட்டது. சாலை வாசல்வரை தார் போட்டிருந்தது, டத்தோவின் கார் சேறாகாது என்பதே காரணம். விளைவுகளை நேரில் காணும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஒரு சிறிய சிக்கல் இருந்தது. ஓட்ஸ் வரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட வேண்டிய கப்பல் புறப்படவே இல்லை.

"கப்பலைத் தள்ளிப் போடலாம்ணே," என்றார் செயலாளர் ரூபேந்திரன். "கூடாரத்தைத் தள்ளிப் போட முடியாது. புக் பண்ணியாச்சு."

எனவே விளைவுகள் முதலில் வந்தன.

விழா நாளில் மதியம் வெயில் கூடாரத்தைத் துளைத்தது. டத்தோ ஒரு முட்டையை வெள்ளைத் தட்டில் உடைத்தார். மஞ்சள் கரு செவ்வந்திப் பூவாக எழுந்து நின்றது. மக்காச்சோளம் தின்ற கோழியின் கரு அப்படித்தான் நிற்கும். அந்தக் கோழிகள் பிறந்ததிலிருந்து வேறெதுவும் தின்றதில்லை.

"பாருங்க. தங்கம். இதான் ஓட்ஸ்," என்றார் டத்தோ. கைத்தட்டல். அவர் திரும்பினார். "கமலநாதன், நீங்களே சொல்லுங்க. கோழிங்ககிட்ட மாற்றம் தெரியுதா?"

கேமராக்கள் திரும்பின. கூடாரத்தின் ஓரத்தில் மனைவி வாசுகி கரண்டியோடு நின்றாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இல்லை என்றால் டத்தோவின் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தோளில் பொன்னாடை உறுத்தியது.

"ஆமா டத்தோ," என்றார் கமலநாதன்.

சாப்பாடு போட்டார்கள்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். வாசுகியின் பள்ளித் தோழி. சிகாமட்டில் மன்றத்து நிலத்தில் கோழி வளர்க்கிறாள். கணவன் செல்வா சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பண்ணை அவள் கையில். அவள் எழுந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் திட்டத்தில் பேர் கொடுத்தாள்.

"மத்தவங்க சொன்னா யோசிப்பேன்," என்று வாசுகியிடம் சொன்னாள். "அண்ணே சொல்லிட்டாருல்ல."

கமலநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

*

பல வாரம் கழித்து ஓட்ஸ் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் டத்தோவின் முகம் ஒட்டப்பட்டிருந்தது. சிரித்த முகம். கீழே, 'முழுத் தீவனமும் ஓட்ஸ், முழு நலமும் ஓட்ஸ்'. மன்றத்தின் உத்தரவும் அதுவே. சோளம் கூடாது, கலப்பு கூடாது.

கோழிகள் தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்தன. ஓட்ஸ் உமியோடு இருந்தது. ஒரு கோழி ஒரு மணியைக் கொத்தித் தூக்கி, தலையை ஆட்டி, கீழே போட்டது. பக்கத்துக் கோழி அதைச் சரிபார்த்து, அதுவும் போட்டது. அப்புறம் பசித்தது, தின்றன. தின்றதில் பாதி உமி. எடை இறங்கியது. கூண்டுக்கு அடியில் எச்சம் பசையாக ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் வரவில்லை. முட்டை குறைந்தது. சில வாரங்களில் மஞ்சள் கரு வெளிற ஆரம்பித்தது. ஒரு காலையில் வாசுகி வாணலியில் முட்டை உடைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க, இதுல மஞ்சள் எங்க இருக்கு? எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

இருந்தது. உற்றுப் பார்த்தால் தெரிந்தது. நீர்மோரில் நீர் எது மோர் எது என்று பிரித்துப் பார்க்கிற மாதிரி.

வாசுகி சும்மா இருக்கவில்லை. மூட்டையில் இருந்த டத்தோவின் நெற்றியில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். கண்கள் வந்தன, மூக்கு வந்தது, சிரிப்பு வந்தது. அதற்கு அடியில் விற்றவன் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தான். முட்டைக்கோழிக்கு மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மற்றத் தானியத்தோடு கலந்து கொடுக்கவும் என்று.

"முகத்தை நல்ல இடமாப் பாத்துதான் ஒட்டியிருக்காங்க," என்றாள் வாசுகி.

அன்றே கமலநாதன் சோளத்துக்குத் திரும்பிவிட்டார். யாரும் கேட்கவில்லை. முன்னோடிப் பண்ணை ஏற்கெனவே வெற்றி பெற்றுவிட்டது, வெற்றி பெற்ற பண்ணையில் ஆய்வு செய்தால் அந்த வெற்றியைச் சந்தேகிப்பதாக அர்த்தம் என்று மன்றத்தின் விதி சொன்னது. கோழிகள் தேறின. மஞ்சள் திரும்பியது.

மற்றப் பண்ணைகள் இன்னும் வெற்றி பெறவில்லை. அங்கே வாரந்தோறும் ஆய்வு நடந்தது.

"புஷ்பாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் வாசுகி.

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

வாசுகி அவர் பக்கம் திரும்பினாள். "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆமான்னு சொன்ன வாய்தான் இல்லைன்னும் சொல்லணும்."

சொல்ல வேண்டியது என்ன? உன் கோழிக்கு ஓட்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றா? அது சுலபம். என் கோழி அன்றைக்கு ஒரு மணி ஓட்ஸ்கூடத் தின்றிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் தொண்டையில் உமியாக நின்றது.

*

புஷ்பவள்ளியே போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். உங்க கோழிங்ககிட்ட நீங்க எப்படிப் பேசுவீங்க?"

"பேசுறதா?"

"மன்றத்து ஆளுங்க வந்தாங்க. கோழிங்க சரியாத் தின்ன மாட்டேங்குதுன்னேன். என் பேச்சுல உற்சாகம் பத்தலையாம். அதான் கோழிக்கு நம்பிக்கை வரலையாம். யோங் பெங் பண்ணையைப் பாருங்கன்னு உங்களைத்தான் காட்டுறாங்க."

கமலநாதன் காரை எடுத்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போனார். நேரில் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். லாபிஸ் ஊரைத் தாண்டும்போது வாக்கியம் நன்றாக வந்தது. கொட்டகைக்கு வெளியே காரை நிறுத்தியபோது உள்ளே யாரோ மேடைப்பேச்சு பேசும் குரல் கேட்டது.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. மாற்றம் என்பது நம்மிடமிருந்து தொடங்க வேண்டும்."

டத்தோவின் குரல். கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கோழிகளுக்குக் காலையும் மாலையும் தலைவர் உரை. அவை கூண்டுகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. கொண்டைகள் வெளுத்துத் தொங்கின. டத்தோ கைத்தட்டலுக்காக இடைவெளி விட்ட இடத்தில் ஒரு கோழி மட்டும் மெல்லக் கேவியது.

"அணைக்கக் கூடாதாண்ணே," என்றாள் புஷ்பவள்ளி. அவளே கோழியைப் போல இளைத்திருந்தாள். "நஜ்முதீன் பாய் முட்டையைத் திருப்பி அனுப்பிட்டாரு. அரை அவியல் முட்டை கேட்டு வர்றவங்க, என்ன பாய், பாலை உடைச்சு ஊத்துறீங்களான்னு கேக்குறாங்களாம். பாவம், அவரு என்ன செய்வாரு."

நஜ்முதீனுக்கு யோங் பெங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை, சிகாமட்டில் ஒரு கடை. இரண்டுக்கும் அவள் முட்டைதான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அவளுடைய பண்ணை, அவளுடைய வாழ்க்கை, எல்லாம்.

"மன்றத்துல காட்டினீங்களா, முட்டையை?"

"காட்டினேண்ணே. மஞ்சள்தான் கொழுப்பாம். மஞ்சள் போனா கொழுப்பு போச்சுன்னு அர்த்தமாம். ரொம்ப நல்ல முட்டைன்னாங்க. அப்ப நீங்க வாங்கிக்கிறீங்களான்னு கேட்டேன். அவங்க முட்டை சாப்பிடறது இல்லையாம். டாக்டர் வேணாம்னுட்டாராம்."

"கொஞ்சம் சோளம் கலந்து பாருங்களேன்."

"கலந்தா குத்தகை போயிடும்ணே. வாராவாரம் தொட்டியைக் கிளறிப் பாக்குறாங்க." அவள் தலை குனிந்தது. "உங்க கோழிங்களும் இதே மூட்டையைத்தானே தின்னுது. அதுங்க நல்லா இருக்கே. அப்ப தப்பு எங்கிட்டதான் இருக்கணும். எங்கேன்னுதான் தெரியல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

இதோ, இதுதான் அந்த இடம். லாபிஸில் நன்றாக வந்த வாக்கியம் இங்கேதான் வர வேண்டும்.

கமலநாதன் வாயைத் திறந்தார்.

"தண்ணி மாத்திப் பாருங்க," என்றார்.

அவள் நம்பினாள். அன்று மாலையே புதுத் தண்ணீர்த் தொட்டி வாங்கினாள் என்று வாசுகி மூலம் தெரிந்தது.  வாசுகி அந்த வாரம் முழுக்க அவருடைய தட்டில் முட்டை வைக்கவில்லை.

*

பிறகு ஒரு நாள் மன்றத்திலிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. ஆண்டுக்கூட்டத்தில் இரண்டு முக்கிய அங்கங்கள். ஒன்று, கமலநாதனுக்கு 'ஓட்ஸ் மாமணி' விருது. இரண்டு, சிகாமட் புஷ்பவள்ளியின் பண்ணைக் கோழிகளை 'ஒத்துழைக்காத கோழிகள்' என்று அறிவித்து, மொத்தமாக இறைச்சிக்கு அனுப்பும் தீர்மானம்.

கமலநாதன் அன்றே ஜொகூர் பாருவுக்குப் பேருந்து ஏறினார். கார் ஓட்டினால் வழியில் திரும்பிவிடுவோம் என்று தன்மேல் அவருக்கு ஒரு சந்தேகம்.

மன்ற அலுவலகம் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது. உள்ளே இரண்டு சேவை முகப்புகள். ஒன்றில் 'பாராட்டு' என்று எழுதி விளக்கு எரிந்தது. மற்றொன்றில் 'புகார்' என்று எழுதியிருந்தது. அதன் கம்பிக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"புகாரு யாரும் குடுக்கலண்ணே, அதான் மூடிட்டோம்," என்றார் ரூபேந்திரன். "மூடுனதுலேர்ந்து சுத்தமா புகாரே இல்ல. நல்ல சிஸ்டம் லா. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒன்னு ஒத்துக்கணும்."

"என்னத்த?"

"அன்னிக்கு நான் ஆமான்னு சொன்னது பொய்."

ரூபேந்திரன் இரண்டு முகப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது புகாரும் இல்ல, பாராட்டும் இல்ல. சூசா லா, ரொம்பக் கஷ்டம். யாரைப் பத்திக் குறை சொல்றீங்க?"

"என்னைப் பத்தி."

"உங்களைப் பத்திக் குறை சொல்ல நீங்க மொதல்ல எங்ககிட்ட அனுமதி வாங்கணும்ணே. நீங்க இப்ப மன்றத்தோட சொத்து. ஓட்ஸ் மாமணி. மாமணியைப் பத்தி யாரும் தப்பாப் பேசக் கூடாது. நீங்களும்தான்."

கண்ணாடி அறைக்குள் டத்தோ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கமலநாதனைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"டத்தோ, அன்னிக்கு விழாவுல நீங்க பாத்த கோழிங்க ஓட்ஸ் தின்னவே இல்ல. கப்பலே வரல. நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பொய்யை நம்பித்தான் புஷ்பவள்ளி கெட்டுப் போறாங்க."

டத்தோ கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கின.

"தன்னடக்கம்," என்றார். "ரூபேன், இங்க வா. கேட்டியா? இத்தனை பெரிய வெற்றியைச் செஞ்சிட்டு, நான் செய்யலைங்குறாரு. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா? மாமணி பத்தாது. மாமணிக்கு மேல என்ன இருக்கு?"

"மகா மாமணி இருக்கு டத்தோ."

"போடு."

கமலநாதன் படியிறங்கும்போது பொன்னாடையோடு இறங்கினார். எப்போது போர்த்தினார்கள் என்று அவருக்கு நினைவில்லை.

*

ஆண்டுக்கூட்டம் ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. டத்தோ வருவதற்கு நேரமானது. வந்ததும் குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. இடையில் சிறுமிகள் கோழி வேடத்தில் நடனம் ஆடினார்கள். ஓட்ஸைக் கண்டு கோழிகள் துள்ளும் கட்டம் உருக்கமாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

புஷ்பவள்ளி மூன்றாம் வரிசையில் இருந்தாள். மடியில் ஒரு தட்டு முட்டை, மேலே பிளாஸ்டிக் கட்டியது. தீர்மானத்துக்கு முன்னால் டத்தோவிடம் காட்டி, கோழிகளுக்கு இன்னொரு தவணை கேட்கப்போகிறாளாம். பக்கத்தில் வாசுகி. செல்வாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"மகா மாமணி கமலநாதன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

பொன்னாடை. மாலை. இன்னொரு பொன்னாடை. கமலநாதன் ஒலிவாங்கியின் முன் நின்றபோது கழுத்துக்குக் கீழே தன் உடம்பே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் வரிசை தெரிந்தது.

அவர் மேலே இருந்த பொன்னாடையைக் கழற்றினார். மடித்து மேசையில் வைத்தார். அடுத்ததையும் கழற்றினார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். மாலையையும் எடுத்து வைத்தபோது ரூபேந்திரன் பதறி எழுந்தார். இப்படி ஒன்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"என் கோழிங்க அன்னிக்கு ஓட்ஸ் தின்னல," என்றார் கமலநாதன். "ஒரு மணிகூடத் தின்னல. அன்னிக்கு ஓட்ஸே வரல. நான் ஆமான்னு சொன்னது பொய். பின்னாடி ஓட்ஸ் வந்துச்சு, போட்டேன், கோழி இளைச்சுப் போச்சு. யாருக்கும் தெரியாம சோளத்துக்கு மாத்திட்டேன். புஷ்பவள்ளி கோழிங்க மேல தப்பு இல்ல. அவங்க மேலயும் தப்பு இல்ல. எல்லாம் என் மேலதான். அதுங்களைக் கொல்லாதீங்க."

 எல்லாத் தலைகளும் டத்தோவின் பக்கம் திரும்பின.

டத்தோ எழுந்தார். மெல்ல நடந்து வந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில், கரண்டியை அந்தரத்தில் நிறுத்திய அந்தக் காலையின் ஒளி இருந்தது.

"உறுப்பினர்களே, இவர் சொன்னதைக் கவனிச்சீங்களா? கோழிங்க ஓட்ஸ் தின்னல. சரி. ஆனா முட்டை தங்கம் மாதிரி இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. கண்ணால பாத்ததை மறுக்க முடியுமா? அப்படின்னா என்ன அர்த்தம்?"

மண்டபம் காத்திருந்தது.

"ஓட்ஸ் வரப்போகுதுங்குற எதிர்பார்ப்புலயே கோழிங்க மாறிடுச்சு. தின்னதுக்கு அப்புறம்தான் கெட்டுப் போச்சு. ஆக, நம்ம திட்டத்துல தப்பு இல்ல. ஓட்ஸைக் குடுத்ததுதான் தப்பு."

முதலில் முன்வரிசை தட்டியது. பிறகு மண்டபமே தட்டியது.

அங்கேயே இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. இனி எந்தப் பண்ணைக்கும் ஓட்ஸ் வராது, எப்போதும் வரப்போவதாகவே இருக்கும். கோழிகள் எதிர்பார்த்திருக்க வசதியாக ஒவ்வொரு கொட்டகையிலும் ஓட்ஸ் கதிரின் பெரிய படம் ஒன்று மாட்டப்படும். படத்தின் மூலையில் டத்தோ இருப்பார். அதுவரை பழைய தீவனமே போடலாம். கோழிகளை இறைச்சிக்கு அனுப்பும் தீர்மானம் கைவிடப்பட்டது. அவை ஒத்துழைக்க மறுக்கவில்லை, ஏமாற்றம் அடைந்திருந்தன என்று புதிதாகக் கண்டறியப்பட்டது.

 கோழிகள் பிழைத்துவிட்டன. கமலநாதன் புஷ்பவள்ளியைத் தேடினார்.

"ஆனா ஒன்னு," என்றார் டத்தோ. "சிகாமட் பண்ணையில அவசரப்பட்டு, கோழிங்களை எதிர்பார்க்க விடாம, ஓட்ஸைத் தொட்டியில கொட்டி அதுங்க மனசை உடைச்சிருக்காங்க. மன்றம் அதை மன்னிக்குது. அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

புஷ்பவள்ளி எழுந்து நின்றாள். முட்டைத் தட்டு அவள் கைகளில் இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்து, அவள் மன்னிக்கப்பட்டதற்காகக் கை தட்டினார்கள். மேடையில் நின்றதால் கமலநாதனைத் தட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அவர் கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின.

அவள் டத்தோவைப் பார்க்கவில்லை. கமலநாதனைத்தான் பார்த்தாள்.

*

கார் நிறுத்தும் இடத்தில் அவள் காத்திருந்தாள். விருந்துக்கு நிற்கவில்லை. தட்டைக் கமலநாதனின் கார் மேல் வைத்தாள்.

"புஷ்பா, நான்..."

"கேட்டேண்ணே. மைக்குல நல்லாக் கேட்டுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் என்று அவருக்குத் தோன்றியது. "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மேடையெல்லாம் வேணாம். ஒரே ஒரு போன். நீங்க தண்ணி மாத்தச் சொன்னீங்க. நான் தொட்டி வாங்கினேன்."

அவர் பார்வை தட்டின்மேல் போனது.

"இது யாரும் வாங்க மாட்டாங்க," என்று தட்டைக் காட்டினாள். "நீங்க சாப்பிடுங்க."

அவள் போன பிறகு வாசுகி தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யோங் பெங் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் கமலநாதன் பிரேக்கை மெல்ல அழுத்தினார். ஒரு முட்டைகூட உடையவில்லை.

மறுநாள் காலையில் வாசுகி இரண்டு முட்டைகளை அரை அவியலாகப் போட்டு, மிளகுத்தூள் தூவி, அவர் முன் வைத்தாள். வெள்ளைக்குள் வெள்ளை. கமலநாதன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சில நாட்களில் அந்த முட்டைத் தட்டு காலியானபோது இன்னொரு முட்டைத் தட்டு வந்தது. நஜ்முதீனின் வேன் சிகாமட்டிலிருந்து திரும்பும்போது வாசலில் இறக்கிவிட்டுப் போனது. கடிதம் இல்லை, ஃபோன் இல்லை. அடுத்த வாரமும் வந்தது. கமலநாதன் தினமும் காலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பண்ணையில் அவருடைய கோழிகள் ஓட்ஸ் கதிரின் படத்துக்குக் கீழே சோளம் தின்றன. சில கோழிகள் படத்தை நிமிர்ந்து பார்ப்பதை ரூபேந்திரன் வந்து படம் பிடித்துப் போனார். இரண்டாம் கட்டமும் வெற்றி.

ஒரு வாரம் கருவில் மெல்லிய நிறம் தெரிந்தது. பழைய காகிதத்தின் நிறம். அடுத்து வந்த தட்டில் வாழைப்பழத் தோலின் நிறம். கமலநாதன் ஒவ்வொரு முட்டையையும் உடைத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.  பிறகு ஒரு நாள், உடைத்த முட்டையிலிருந்து செவ்வந்தி எழுந்து நின்றது.

அதோடு தட்டு வருவது நின்றுவிட்டது.

வேன் பெரிய சாலையிலேயே தாண்டிப் போனது, உள்ளே திரும்பவில்லை. அந்த வாரமும், அதற்கடுத்த வாரமும். கமலநாதன் சாலைத் திருப்பத்தில் நின்று பார்த்தார். வெளுத்த முட்டையைச் சாப்பிட்ட நாட்களில் ஒரு கணக்காவது இருந்தது. இப்போது அதுவும் முடிந்துவிட்டதா, அல்லது அவரோடு அவள் முடித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் யோங் பெங் டவுனுக்குப் போய் நஜ்முதீனின் கடையில் உட்கார்ந்தார். கோப்பியும் அரை அவியல் முட்டையும் சொன்னார். நஜ்முதீனே கொண்டுவந்து வைத்தார். தட்டில் சோயா சாஸ் ஊற்றி, கமலநாதன் முட்டையை உடைத்தார். மஞ்சள் சாஸில் பரவியது.

"யாரு முட்டை பாய்?"

"சிகாமட்டு முட்டைதான். மறுபடி ஆரம்பிச்சுட்டோம்ல." நஜ்முதீன் துண்டால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "உங்களைப் பத்திக்கூட அந்தம்மா ஒன்னு சொன்னாங்க."

கமலநாதனின் கரண்டி நின்றது. "என்ன சொன்னாங்க?"

"நீங்க வந்தா, மத்தவங்ககிட்ட மாதிரியே உங்ககிட்டயும் காசு வாங்கிக்கச் சொன்னாங்க."

 கமலநாதன் சாஸோடு கலந்திருந்த கடைசி மஞ்சளையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டைப் பையில் கை விட்டார்.